வீட்டுப் பட்டறை: சிலிண்டரைத் தூக்குமுன்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று இந்தப் பக்கம் முழுவதையும் தனக்கென எடுத்துக்கொண்டுவிட்டது. கரமனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இவ்வூருக்குப் பிழைக்க வந்து, சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதி, அந்த வருமானத்தில் வாங்கியது ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி திண்ணையோரம் அப்படியே நிற்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன், நண்பர் இருவருடன் சேர்ந்து, மண்தரைப் பந்தயத்திற்கென்றே வெளிநாட்டில் செய்யப்பட்ட இரு-ஸ்டிரோக் வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறான். அதன் சிலிண்டரையும் பவர் வால்வையும் தானே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவன் விருப்பம். அதற்குமுன் கைப்பழக்கத்திற்காக அப்பாவின் வண்டியைப் பிரித்துப் பார்க்கப் போகிறானாம். "பிரித்தது மறுபடி பழையபடி ஆகுமா?" என்று தாயார் கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் 1985-இல் வந்தது. 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. புகை விதிகள் கடுமையாகக் கடுமையாக, இரு-ஸ்டிரோக் மோட்டார் சைக்கிள்களின் காலமே இங்கு முடிந்துவிட்டது. நல்ல உதிரி பாகம் அகப்படுவது வரவர அரிதாகிறது. அசல் போலவே அச்சிட்ட உறையில் போலிப் பிஸ்டன் வருகிறது. ஆகவே அந்த வண்டியில் ஒரு சிலிண்டர் பாழானால் அதற்கு ஈடு கடைக்குப் போய் வாங்கும் பொருளன்று.

ஆயினும் மகனுடைய எண்ணத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் அடிப்படை ஒன்றே. அப்பாவின் வண்டி எளியது: காற்றால் குளிர்வது, பவர் வால்வு இல்லாதது. பந்தய வண்டி சிக்கலானது: நீரால் குளிர்வது, பவர் வால்வு உடையது. எளியதில் தொடங்கிச் சிக்கலானதற்குப் போவதே கற்கும் முறை. ஆனால் காரணமின்றி ஒரு யந்திரத்தைத் திறப்பதை நான் ஒப்புவதில்லை. ஆகையால் முதலில் காரணம் உண்டா என்று பார்ப்போம்.

நான்கு-ஸ்டிரோக் இஞ்சினில் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் தலைப்பகுதியில் வால்வுகள் உண்டு. இரு-ஸ்டிரோக்கில் அவை இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே துவாரங்கள் இருக்கின்றன; மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடும் கதவு. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வகை இஞ்சினை உருவாக்கினார். அவர் செய்த தந்திரம், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையையும் ஒரு பம்பாக மாற்றியதுதான். பிஸ்டன் மேலேறும்போது அவ்வறை பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. இறங்கும்போது அதை அழுத்திப் பக்கத் துவாரங்கள் வழியாகச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எனவே சிலிண்டரின் அடியில் வைக்கும் மெல்லிய பாக்கிங் எண்ணெய் ஒழுகாமலிருக்க மட்டும் வைத்ததன்று. இஞ்சின் மூச்சுவிடும் அறையின் கதவு முத்திரை அது. அங்கே மயிரிழை கசிந்தாலும் கூடுதல் காற்று புகும். கலவையில் பெட்ரோல் குறையும், அதனோடு கலந்து வரும் எண்ணெயும் குறையும். பிஸ்டன் கொதித்து வீங்கிச் சுவரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'சீஸ்' என்பது இதைத்தான். வீட்டில் கழற்றிப் பூட்டிய இஞ்சின்கள் சில நாட்களில் கெட்டுப்போவதற்கு, எனக்குத் தெரிந்தவரை, கழற்றியதைவிடப் பூட்டியதே காரணம். அதிலும் இந்தப் பாக்கிங் முதற் காரணம்.

இனிப் பவர் வால்வு. இரு-ஸ்டிரோக்கில் புகைத் துவாரத்தின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து இஞ்சினின் குணம் அமைகிறது. உயரமாக வெட்டினால் வேகமாகச் சுழலும்போது சக்தி பெருகும். மெதுவாகச் சுழலும்போது உயிரே இராது. தாழ்வாக வெட்டினால் நேர்மாறு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், புகைக்குழாயை வயிறு பருத்த உருவில் அமைத்து, அதில் எழும் அழுத்த அலைகள் திரும்பி வந்து, வெளியே நழுவும் கலவையை மீண்டும் உள்ளே தள்ளும்படி செய்தார். அவ்வித்தையை அறிந்திருந்த பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தம் நாட்டைவிட்டுத் தப்பி, ஜப்பானின் சுசூகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டத்தைச் சுசூகி வண்டியில் வென்றார். ஒரு குழாயின் வளைவுக்குள் எத்தனை இரகசியம் அடங்கியிருந்தது, பாருங்கள்!

அந்தக் குழாயால் சக்தி பெருகியது. ஆனால் குறுகிய வேக எல்லைக்குள்தான் பெருகியது. அதற்குக் கீழே வண்டி சோம்பும். அதைத் தாண்டியதும் திடீரென்று பாயும். மண்ணிலும் சேற்றிலும் இப்படிப் பாயும் வண்டி ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிடும். இதற்குப் பரிகாரமாக 1970-களின் பிற்பகுதியில் யமஹா தன் பந்தய வண்டிகளில் புகைத் துவாரத்தின் மேல்விளிம்பில் ஓர் அசையும் தடுப்பை வைத்தது. மெதுவாகச் சுழலும்போது தடுப்பு இறங்கித் துவாரத்தைத் தாழ்த்தும். வேகம் ஏற ஏற மேலே விலகும். இதுவே பவர் வால்வு. பிற நிறுவனங்களும் வெவ்வேறு பெயரில் இதை அமைத்துக்கொண்டன. மேல்நாடுகளில் யமஹாவின் 350 சி.சி. வண்டி இந்த வால்வுடன் விற்பனைக்கு வந்த 1983-ஆம் ஆண்டில்தான், நம் நாட்டில் பழைய காற்றுக் குளிர்ச்சி மாதிரி, பவர் வால்வு இன்றி, ராஜ்தூத் 350 என்ற பெயரில் அறிமுகமாயிற்று. அதனால் நம்மவர் பலருக்கு இவ்வால்வு கைபடாத பொருளாகவே இருந்துவிட்டது.

முதலில் திண்ணையோரத்து வண்டி. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு மழை: ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் மற்றொன்று. நடுவே உப்புக் காற்று. இரண்டு ஆண்டு ஓடாமல் நின்ற சிலிண்டரின் இரும்புச் சுவரில் துரு படிந்து, பிஸ்டன் வளையங்கள் அதோடு ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் ஒருவர் ஆவலோடு கிக்கரை மிதித்தால், துருவே அரமாகிச் சுவரைக் கீறிவிடும். ஆகவே மகன் செய்ய வேண்டியது இது. பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தில் சிறிது இரு-ஸ்டிரோக் எண்ணெய் விட்டு, ஓரிரவு விடட்டும். பிறகு சைலன்ஸரைக் கழற்றி, முன்பக்கத்துப் புகைத் துவாரத்தின் வழியே கைவிளக்கு பிடித்துப் பார்க்கட்டும். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினால் பிஸ்டன் இறங்கும்; எதிர்ச்சுவர் தெரியும். சுவர் பளபளப்பாகவும் வளையங்கள் விரலால் தொட்டால் சற்று அமுங்குவனவாகவும் இருந்தால், அம்மா, அந்தச் சிலிண்டரைத் தொட வேண்டாம். துவாரத்தைச் சுற்றியுள்ள கரியை மட்டும் மூங்கில் சீவலால் சுரண்டி எடுத்து, பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது விட்டால் போதும். துரு தென்பட்டால்தான் திறக்க வேண்டும். அப்பொழுது அது பழக்கத்திற்கான வேலையன்று, தேவையான வேலை.

திறப்பதென்று முடிவானால் இரு வண்டிக்கும் பொதுவான ஒழுங்கைச் சொல்கிறேன். சிலிண்டரைக் கழற்றுவது பலத்தின் வேலை அன்று. முதல் நாளே வண்டியை நன்றாகக் கழுவி உலரவிட வேண்டும். சிலிண்டரின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மணலில் ஒரு சிட்டிகை கிராங்க் அறைக்குள் விழுந்தால், பேரிங் வழியே இஞ்சின் முழுவதும் அதன் விலையைக் கொடுக்கும். வீட்டில் பழைய இட்லித்தட்டு இருந்தால் அதைவிட நல்ல பாத்திரம் இதற்கு இல்லை. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் கழற்றிய வரிசையிலேயே குழிகுழியாக வைத்துக்கொண்டு போகலாம். (அத்தட்டு பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதைச் சகோதரிமார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.) சுத்தம் செய்யப் பெட்ரோல் வேண்டாம். கோட்டையிலும் கரமனையிலும் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. ஒரு வீட்டுத் திண்ணையின் ஆவி அடுத்த வீட்டு அடுப்பைத் தேடிப் போகும். டீசல் போதும், அதுவும் திறந்த வெளியில்.

பெட்ரோல் டாங்க், சைலன்ஸர், கார்புரேட்டர், பிளக் இவை முதலில் கழன்றாக வேண்டும். நீர்க்குளிர்ச்சி வண்டியில் குளிர்நீரையும் வடித்துவிட வேண்டும். அந்நீர் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். ஹெட்டின் நட்டுகளை ஒன்றை முழுதும் கழற்றி மற்றதற்குப் போகலாகாது. மூலைக்கு மூலை மாறி மாறி, கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தினால்தான் அலுமினியம் வளையாமல் வரும். சில வண்டிகளில் ஒரே நீண்ட ஸ்டட்டே ஹெட்டையும் சிலிண்டரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அத்தகையதில் ஹெட்டைத் தளர்த்தினாலே அடிப் பாக்கிங்கும் தளர்ந்தது என்று கொண்டு அதையும் மாற்றிவிட வேண்டும்.

பந்தய வண்டியில் இந்த இடத்தில்தான் பவர் வால்வு குறுக்கிடுகிறது. பல வண்டிகளில் கிளட்ச் மூடிக்குள் கிராங்கின் சுழற்சியால் இயங்கும் ஒரு கவர்னர் இருக்கும். வேகம் கூடும்போது அதிலுள்ள குண்டுகள் விலகி, ஒரு நெம்புகோலைத் தள்ளும். அதிலிருந்து ஒரு சிறு கம்பி மேலேறிச் சிலிண்டரின் பக்கத்திலுள்ள வால்வுத் தண்டைத் திருப்பும். வேறு சிலவற்றில் மின்மோட்டார் அதைச் செய்கிறது. எவ்வகையாயினும் சிலிண்டரைத் தூக்குமுன் இந்த இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். மறந்து தூக்கினால் கம்பி வளையும், அல்லது நெம்புகோல் முறியும். பக்கத்து மூடியைத் திறந்ததும் கைபேசியால் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டின்மேலும் நெம்புகோலின்மேலும் அடையாளக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் நீங்களே ஒரு புள்ளி வையுங்கள். இடப்பக்கத்து வால்வும் வலப்பக்கத்து வால்வும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் மாற்றிப் போட இயலாத வண்டிகள் உண்டு.

அடி நட்டுகள் கழன்றபின் சிலிண்டர் எளிதில் அசையாது. இவ்வூர்க் காற்றில் ஸ்டட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே உப்பு பூத்து இறுகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுக்க வேண்டும். பிறகு மரச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்ட வேண்டும். இறக்கைகளுக்கு இடையிலோ அடிமுகத்திலோ திருப்புளியைச் செருகி நெம்புபவனை அந்த நிமிஷமே பட்டறையிலிருந்து அனுப்பிவிடலாம். அடிமுகத்தில் விழும் ஒரு கீறல், நான் முன்பு சொன்ன காற்றுக் கசிவின் தாய்.

சிலிண்டர் அசைந்ததும் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, நேர் மேலாகத் தூக்குங்கள். இடம் வலமாகத் திருகக் கூடாது. வளையங்களின் முனைகள், சுவரிலுள்ள துவாரங்களில் சிக்காதபடி சிறு பின்களால் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. சிலிண்டரைத் திருகினால் முனை துவாரத்தில் மாட்டி வளையம் முறியும். பாதி தூக்கியதும், பிஸ்டன் முழுவதும் வெளிவருமுன்னரே, நூல் உதிராத சுத்தமான பழைய வேட்டித் துண்டை கனெக்டிங் ராடைச் சுற்றி அடைத்து, கிராங்க் அறையின் வாயை மூடுங்கள். முறிந்த வளையத் துண்டோ, பின்னால் கழற்றப் போகும் சர்க்கிளிப்போ உள்ளே விழுந்தால் இஞ்சினை இரண்டாகப் பிளக்க நேரும். ஒரு துணிக்கு அத்தனை மதிப்பு.

இப்பொழுது சிலிண்டர் கையில் இருக்கிறது. அதன் சுவர் இரும்பா, பூச்சா என்று அறிவது முக்கியம். ஆர்.எக்ஸ். 100-இல் இரும்பு லைனர். தேய்ந்தாலோ கீறினாலோ லேத் பட்டறையில் கால் மில்லிமீட்டர் கூட்டிக் கடைந்து, அடுத்த அளவுப் பிஸ்டன் போடலாம். ஆனால் இப்படிக் கடையும் முறை எண்ணிக்கைக்குட்பட்டது. ஒவ்வொரு கடைசலும் லைனரின் ஆயுளில் ஒரு படி. தற்காலப் பந்தய வண்டிகளிலோ அலுமினியத்தின்மேல் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு. அதைக் கடையக் கூடாது, உப்புத்தாள் போட்டு முரட்டுத்தனமாகத் தேய்க்கவும் கூடாது. பூச்சு உரிந்திருந்தால் மறுபூச்சு, அல்லது புதுச் சிலிண்டர்.

பவர் வால்வைப் பிரித்தால் கரியும் பிசினுமாக இருக்கும். எண்ணெய் எரிந்து படிந்தது அது. அப்படி ஒட்டி, திறந்த நிலையில் நின்றுவிட்டால் வண்டி மெதுவான வேகத்தில் இழுக்காது. மூடிய நிலையில் நின்றுவிட்டால் மேல்வேகம் ஏறாது. பலர் இதைக் கார்புரேட்டரின் குற்றம் என்று எண்ணி ஜெட்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பாகங்களை டீசலில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையாலும் மரச் சீவலாலும் சுத்தம் செய்ய வேண்டும். எஃகுக் கத்தி கூடாது. மணல் கூடவே கூடாது. தண்டின் துவாரம் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டம் கண்ட தடுப்பு கீழே சரிந்து பிஸ்டனைத் தொட்டால் அந்நாளே இஞ்சினின் கடைசி நாள். எண்ணெய் முத்திரை வளையங்களைப் புதிதாகப் போட்டு, தண்டில் சிறிது எண்ணெய் தடவிப் பூட்டியபின், வால்வு விரலால் தடையின்றித் திறந்து மூட வேண்டும்.

பூட்டும்போது அடிப் பாக்கிங் புதியது; சர்க்கிளிப் இரண்டும் புதியவை. பழைய சர்க்கிளிப்பை நீட்டி மடக்கி மீண்டும் போடுவது சிக்கனமன்று. பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகைத் துவாரத்தை நோக்கட்டும். வளைய முனைகள் பின்னில் உட்கார்ந்தனவா என்று இருமுறை பார்த்துவிட்டு, விரலால் வளையத்தை அமுக்கிச் சிலிண்டரை இறக்குங்கள். வலிந்து அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ பிழை; நிறுத்திப் பாருங்கள். துணியை எடுத்தோமா என்பதையும் பாருங்கள். பந்தய வண்டியில் ஹெட்டை வைப்பதற்குமுன் கிராங்கைக் கையால் மெல்லச் சுழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, பிஸ்டன் அதை உரசாமல் கடக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். நட்டுகளை வண்டியின் கைப்புத்தகம் குறிப்பிடும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால், மூலைக்கு மூலையாக முறுக்குங்கள். டார்க் ஸ்பேனர் இல்லாதவர் அறிமுகமான பட்டறையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கலாம். இங்கே மலையாளத்தில் 'ஆசான்' என்று அழைக்கப்படும் மூத்த மெக்கானிக்குகள், மரியாதையுடன் கேட்கும் பையனுக்குக் கருவியும் தருவார்கள், பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் சொல்வார்கள். முதல் முறை அவர்களில் ஒருவர் முன்னிலையில் செய்வதே நலம்.

மகனுக்கு இன்னொரு வார்த்தை. பந்தய வண்டி சாலைக்கென்று பதிவு பெற்றதன்று. அதைப் பந்தயத் தரைக்கு வேறொரு வண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும். அப்பாவின் வண்டியில் பெரிய சிலிண்டரை மாட்டி வேகம் கூட்டும் ஆசையும் இவ்வயதில் எழும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, 98 சி.சி. என்று எழுதியது 98 சி.சி.யாகவே அங்கே போய் நிற்கட்டும்.

பூட்டி முடிந்ததும் கிக்கரை மிதிக்க அவசரம் வேண்டாம். ஆர்.எக்ஸ். 100-இல் எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து பம்பு வழியாக வருகிறது. குழாயைக் கழற்றியிருந்தால் அதில் காற்றுக் குமிழி தங்கியிருக்கும். அது போகும்வரை இஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. பம்பின் திருகைத் திறந்து குமிழியை வெளியேற்ற வேண்டும். பாதுகாப்புக்காக முதல் டாங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் கலந்துகொள்ளலாம். சற்றுப் புகை வரும், வரட்டும். பந்தய வண்டிக்குத் தனித் தொட்டி பெரும்பாலும் இல்லை. கைப்புத்தகம் சொல்லும் விகிதத்தில் எப்போதும் கலந்தே ஊற்ற வேண்டும். முதல் தடவை ஓரிரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டு நிறுத்தி, முழுவதும் ஆறவிடுங்கள். மீண்டும் சற்று அதிகமாக ஓட்டி, மீண்டும் ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. கடைசியில் இஞ்சின் கைபொறுக்கும் குளிர்ச்சிக்கு வந்தபின் ஹெட் நட்டுகளை மறுபடி அளந்து பாருங்கள். சிலிண்டரின் அடியைச் சுற்றி எங்கேனும் எண்ணெய் ஈரம் கசிகிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் அன்றைக்கு வண்டியை ஓட்ட வேண்டாம்.